விரிசல் விழுந்த சரக்கு

எங்கள் வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது புற்றுநோய் வந்த பிறகுதான். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. ஜன்னலுக்கும் மேசைக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டித் தருவது என் வீட்டுக்காரரின் தொழில். வெட்டுவது அவர். பிடிப்பது நான், துடைப்பது நான், வாங்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வது நான், நடுவில் மாடிக்கு ஓடி அடுப்பைப் பார்ப்பதும் நான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று தெருவில் எனக்குப் பெயர். சக்கரத்தைக் கட்டிவிட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கால் வலிக்கிறது என்றால், "எனக்கும்தான் வலிக்குது" என்பார் வீட்டுக்காரர். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்படி இருந்தபோதுதான் வலது மார்பில் கட்டி. அறுவை செய்து மார்பை எடுத்தார்கள், அக்குளையும் குடைந்து சுத்தம் செய்தார்கள். அடுத்து கீமோ, அதாவது மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. அது முடிந்ததும் ரேடியேஷன், அதாவது மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவது. மருத்துவர் இதையெல்லாம் சாப்பாட்டு விடுதியில் என்ன இருக்கிறது என்று சொல்பவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரர் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதர் மாறிப்போனார். முதல் கீமோ முடிந்த மறுநாள் காலையில் கண் விழித்தால், எதிரே டீக் கோப்பையோடு நிற்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட வராதவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யார் போட்டது?" என்றேன்.

"நான்தாம்மா. குடிச்சுப் பாரு."

டீ கண்றாவியாக இருந்தது. கீமோவுக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்பு மாதிரிதான் ருசிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே குற்றம் மருந்துடையதா, அவருடையதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"நல்லா இருக்கா?"

"அமிர்தம்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. விரிசல் விழுந்த கண்ணாடியை அசைக்க மாட்டார்கள். விரிசல் மேல் டேப்பை ஒட்டி, அடியில் ரப்பர் வைத்து, சற்றே சாய்த்து மூலையில் நிறுத்திவிடுவார்கள். படுக்கப்போட்டால் சொந்தக் கனத்திலேயே உடையும் என்பார்கள். தட்டக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. எங்கள் கடையில் அப்படி ஒரு கண்ணாடி வருடக்கணக்காக நின்றிருக்கிறது.

என்னையும் அப்படித்தான் வைத்தார்கள். கூடத்து மூலையில் கட்டிலைப் போட்டு, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, சாய்வாக. முழுசாகப் படுத்தால் "வேண்டாம்மா, சாஞ்சுக்கோ" என்பார். எழுந்து உட்கார்ந்தால் "எதுக்கு எழுந்திரிக்கிற?" என்பார். மகன் குளியலறைத் தரை முழுக்க ரப்பர் விரித்தான். மேசை முனைகளில் கண்ணாடிக்கு ஒட்டும் கம்பளித் துணியை ஒட்டினான். தலைமுடி கொட்டியதும் வீட்டில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் போர்வை போட்டு மூடினார்கள். அந்த யோசனை என் நாத்தனாருடையது.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. எனக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் பெட்டியோடு வந்து இறங்கியவர். நல்ல மனுஷிதான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நாள் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் போதும், "ஐயையோ, விடு விடு, நான் எடுத்துத் தரேன்!" என்று பாய்ந்து வருவார். ஒருமுறை பாய்ந்த வேகத்தில் டம்ளரே உடைந்துவிட்டது.

இதற்கு நடுவில் மருத்துவமனையில் இன்னொருத்தி இருந்தாள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட். ஒல்லியாக, சின்னப் பெண். ஆனால் அவள் வந்தால் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் தூங்குவது போல நடிப்பார்கள். நான் அவளுக்குச் சின்ன போலீஸ் என்று பெயர் வைத்திருந்தேன். அறுவை முடிந்த கையோடு வந்து நின்றாள்.

"அம்மா, தினமும் நடக்கணும். சுவத்துல விரலால ஏறணும், பல்லி ஏறுற மாதிரி. அப்புறம் ஒரு குச்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, படுத்த வாக்குல தலைக்கு மேல கொண்டு போகணும். காய்ச்சல் இருந்தா வேண்டாம். மருந்து ஏத்தின மறுநாள் வாசல் வரைக்கும் நடந்தா போதும். ஆனா சும்மா மட்டும் படுக்கக் கூடாது."

"சோர்வா இருக்கேம்மா" என்றேன்.

"படுக்கப் படுக்கச் சோர்வு கூடத்தான் செய்யும். நடந்தா குறையும். நம்பிச் செஞ்சு பாருங்க. கனம் தூக்குறது மட்டும் நான் சொல்ற வரைக்கும் கூடாது. அசைக்கிறது வேற, சுமக்கிறது வேற."

வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். "உடம்பு நல்லா இருக்கிறவனே உடற்பயிற்சி செய்யறதில்ல. இது என்ன கூத்து!" வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சு அடிபட்டுப் போயிற்று.

அடிபட்டுப் போனதற்கு அவர் மட்டும் காரணமில்லை. உள்ளதைச் சொல்வதற்கென்ன, எனக்குச் சுகமாக இருந்தது. காலையில் டீ. மத்தியானம் சூப்பை ஆற்றி, கரண்டியால் ஊட்டிவிடுவார். தலையில் துணியைக் கட்டிவிடுவார். கால் பிடித்துவிடுவார், கேட்காமலே. குரலை உயர்த்தி ஒரு வார்த்தை கிடையாது. கடையில் கத்திக் கத்தியே தொண்டை தடித்தவர், என்னிடம் காதோடு பேசுவது போலப் பேசினார். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இந்த மனிதர் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறார். நான் கையைத் தூக்கிவிட்டால் இவர் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. கை சரியானவள் தன் டீயைத் தானே போட்டுக்கொள்ளலாம் அல்லவா? குச்சியை எடுத்தால் கரண்டி கைமாறிவிடும். அதனால் குச்சி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

கீமோ பாதி முடிந்திருந்தபோது சின்ன போலீஸ் என்னைப் பரிசோதனைக்கு அழைத்தாள். வீட்டுக்காரரும் கூட வந்தார். சக்கர நாற்காலி வேண்டும் என்று வாசலிலேயே சண்டை பிடித்து வாங்கி, என்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"கால்ல என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

"கால்ல ஒண்ணும் இல்லையே" என்றார் அவர்.

அவள் ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பயிற்சி செஞ்சீங்களாம்மா?"

"செஞ்சேனே" என்றேன். பொய் சொல்வதற்குக் கை தூக்கத் தேவையில்லையே.

"எங்க, தூக்குங்க பார்ப்போம்."

தூக்கினேன். தூக்கினேன் என்று நான் நினைத்தேன். கை தோள் மட்டத்துக்கு வருவதற்குள் அக்குளில் ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது. அதற்கு மேல் மயிரிழைகூட ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எனக்கு அப்போதுதான் பயமாயிற்று. என் கை அது. பெரிய கண்ணாடிகளை அனாயாசமாகப் பிடித்த கை. இப்போது ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. ரேடியேஷன் போடணும்னா கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சுப் படுக்கணும். அப்பதான் கதிர் சரியான இடத்துல படும். கை தூக்கலைன்னா மெஷின் போட முடியாது, தேதி தள்ளிப் போகும். தள்ளிப் போடக்கூடிய நோயா இது?"

பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "யாரு சார் இவங்களை அசையவே விடாம வச்சிருக்கிறது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் தெரிந்தவரின் தைரியம். "ஏம்மா, நான் இத்தனை வருஷமா கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். விரிசல் விட்டதை யாராவது அசைப்பாங்களா? அசைச்சா உடைஞ்சுடாதா?"

"சார், இவங்க கண்ணாடி இல்ல. கதவுக் கீல். அசைக்காம விட்டாத்தான் துருப்பிடிக்கும்."

அவர் எழுந்தார். சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் அதிலேயே உட்கார்ந்து வந்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செய்யாதது நான், திட்டு வாங்கியது அவர்.

அன்றைக்கு மத்தியானம் குளியலறைக்குப் போக எழுந்தேன். நாத்தனார் நாற்காலியில் இல்லை. சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டது. அக்காவும் தம்பியும்.

"அந்தப் பொண்ணு கையை ஆட்டு, நடன்னு சொல்லுது அக்கா. வலியில அவ கண்ணுல தண்ணி வருது. எனக்குப் பார்க்க முடியல."

"அதுங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடும்."

"எதுக்கு அவளைப் போட்டுப் படுத்தணும்? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். கடைசியில ஒரு குறை வச்சேன்னு இருக்கக் கூடாது."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கிற வரைக்குமா! அப்படியானால் அந்த டீ? அந்த சூப்பு? அந்தக் கால் பிடிப்பு, அந்தக் குழைவு எல்லாம்? நான் என்னமோ காலம் போன கடைசியில் புருஷனுக்கு என் மேல் ஆசை பொங்கிவிட்டது என்று நினைத்து, தலையணையில் சாய்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தேன். இவரோ என்னை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பிரயாணம் போகிறவர்களைப் பஸ் கிளம்பும்வரை உபசரிப்பார்கள் இல்லையா, அந்த உபசாரம்.

மருத்துவர் என்னிடம் சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, வைத்தியத்தை முழுசாக முடியுங்கள் என்றுதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர் காதில் நோயின் பெயருக்கு மேல் ஒன்றும் விழவில்லை. மருத்துவர் முடிவு சொல்லும் முன்னே இவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மருந்து உள்ளே போன நாளிலிருந்து அவ்வளவு தெம்பாக நான் நின்றதே இல்லை.

நேரே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து குச்சியை எடுத்தேன்.

உடல்நலம் வேண்டும், பிள்ளைகளுக்காக வாழவேண்டும் என்றெல்லாம் நினைத்து நான் ஆரம்பிக்கவில்லை. வீம்புக்கு ஆரம்பித்தேன். இவர் கணக்கைப் பொய்யாக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு நல்ல எண்ணம் வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

முதலில் நாத்தனாரைத் தாண்ட வேண்டியிருந்தது. நான் சுவருக்கு முன்னால் நின்று விரல்களால் ஏற ஆரம்பித்ததும் அவர் பின்னால் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அண்ணி."

"விழுந்துடப் போற!"

"விழுந்தா விழறேன். நீங்க பிடிச்சா நிச்சயமா விழுவேன்."

"தம்பி வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"உங்க தம்பி பொண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. கீமோவுல அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க." அவர் உண்மை என்று நம்பிக் கையை எடுத்துவிட்டார்.

வலி என்றால் அப்படி இப்படி வலி இல்லை. விரல் ஒரு சாண் ஏறும், அக்குளுக்குள் யாரோ தையலைப் பிரிப்பது போலச் சுண்டும். இறக்கிவிட்டு அழுவேன். மறுபடி ஏற்றுவேன். மருந்து ஏற்றிய மறுநாள்களில் வாசல்வரை நடப்பதே மலை ஏறுவதாக இருக்கும். குமட்டிக்கொண்டு வரும், வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். எதற்கு இந்தப் பாடு, மூலையில் சாய்ந்திருந்தால் டீயாவது வருமே என்று அப்போதெல்லாம் தோன்றும். அந்த நேரத்தில் 'இருக்கிற வரைக்கும்' என்ற வார்த்தையை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். எழுந்து நின்றுவிடுவேன்.

சின்ன போலீஸ் சொன்னாள், கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யுங்கள், தோளைக் காதுவரை தூக்கிக் கையைத் தூக்கியதாக ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்று. கண்ணாடிக் கடை வீட்டில் முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? அலமாரிக் கண்ணாடி மேல் கிடந்த போர்வையை நானே இழுத்துப் போட்டேன்.

எதிரே ஒரு மொட்டைத்தலை நின்றது. புருவம் இல்லை. ரவிக்கை ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. இது யாரடா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். பிறகு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரர் சூப்போடு உள்ளே வந்தார். கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. அவரும் அழுதார். அவர் அழுததைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது.

"எதுக்கு அழறீங்க? நான் இன்னும் சாகல."

"அப்படியெல்லாம் பேசாதம்மா..."

"சூப்பை அங்க வச்சுட்டு இப்படி வந்து நில்லுங்க. தோள் ஏறுதான்னு பாருங்க. ஏறினா அமுக்குங்க."

பயந்து பயந்து என் தோளில் விரலை வைத்தார். தொழிலில் ஆயிரம் கண்ணாடிகளைத் தொட்ட விரல், என்னைத் தொடப் பயந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் திட்டாமல் விட்டுவிட்டேன். நான் கையைத் தூக்க, அவர் தோளை அமுக்க, நாத்தனார் வாசலில் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொள்ள, அன்றைய பயிற்சி முடிந்தது. சூப் ஆறிவிட்டிருந்தது. நானே கரண்டியால் எடுத்துக் குடித்தேன்.

அடுத்தது நடை. தெருவில் தனியாக நடக்கிறேன் என்றேன். தனியாகவா விடுவார்கள்? நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால், எப்போது விழுவேனோ என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் பிளாஸ்க்கோடு நாத்தனார். கடைசியில் குடையோடு மகன். தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர் கத்திரியோடு வெளியே வந்து பார்த்தார்.

"என்னம்மா, வீடு மாத்துறீங்களா?"

"ஆமா, எல்லாச் சாமானும் வந்தாச்சு. உங்க சலூன்ல இடம் இருக்கா?" என்றேன்.

"உங்களுக்கு இனிமே என் கடையில வேலையில்லையே" என்று என் தலையைக் காட்டினார். சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோய் வந்த பிறகு என்னைக் கிண்டல் செய்த முதல் ஆள் அவர்தான். பின்னால் திரும்பிப் பார்த்தால் நாத்தனார் அவரைச் சபித்துக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் நாற்காலியைத் தரையில் போட்டுத் தானே அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் தினமும் நடந்தது. போகப் போக நான் விழுவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் போய்விட்டது. முதலில் குடை நின்றது. பிறகு பிளாஸ்க். நாற்காலி மட்டும் கடைசிவரை வந்தது, அது யாருக்காக என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்குச் சோர்வு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது. பசி எடுத்தது. சுவரில் விரல்கள் மெல்ல மெல்ல ஸ்விட்சுப் பலகையைத் தாண்டின.

கடைசி கீமோவும் முடிந்து, ரேடியேஷனுக்கு அளவெடுக்கும் நாள் வந்தது. அன்று கை தூக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையிலிருந்து நான் சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என்னைவிட மோசம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறை வாசலில் சின்ன போலீஸ் நின்றிருந்தாள், அவளுக்கு அங்கே அன்று வேலையே இல்லை.

உள்ளே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். பலகை மாதிரி ஒரு மேசை. மெஷின்காரர் தலைக்கு மேலே இருந்த கைப்பிடியைக் காட்டி, "அதைப் பிடிங்கம்மா" என்றார். வலது கையைத் தூக்கினேன். தோள் தாண்டியது. காது தாண்டியது. அங்கே கயிறு இழுத்தது. நான் பல்லைக் கடித்து, மனதுக்குள் வீட்டுக்காரரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, இழுத்தேன். விரல் நுனி கைப்பிடியில் பட்டது. பிடித்துவிட்டேன்! எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் குலுங்கியது.

"அசையாதீங்கம்மா" என்றார் மெஷின்காரர்.

கேட்டீர்களா? அசை அசை என்று ஊரே அடித்து விரட்டி, அசைந்து காட்டி வந்து படுத்தால், முதல் உத்தரவு அசையாதே. சிரிப்பை அடக்கினேன். "சிரிக்காதீங்க, நெஞ்சு ஏறி இறங்குது" என்று மறுபடி அதட்டினார். என் மேல் பேனாவால் கோடு போட்டார், அளவு பார்த்தார், அழித்துவிட்டு மறுபடி போட்டார். கை மரத்துப்போயிற்று, விடவில்லை.

வெளியே வந்ததும் சின்ன போலீஸிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"தூக்கினியா?"

"தூக்கினேன். திங்கக்கிழமை ஆரம்பிக்கிறாங்களாம்."

"முழுசாவா?"

"பின்னே பாதியையா தூக்குவாங்க?"

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை என்னைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக வந்தார். கடை வாசலில் இறங்கினால், துணிக்கடைக்காரர் காத்திருந்தார். அவருடைய ஆளுயரக் கண்ணாடி வெட்டித் தயாராக நின்றது, சாயங்காலத்துக்குள் எதிர்சாரியில் இருக்கும் அவர் கடையில் மாட்டியாக வேண்டும். மகன் வேறொரு வீட்டில் ஜன்னல் பொருத்தப் போயிருந்தான். நான் மாடிப்படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து தெரு முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"ஏய்! எங்க போற? இங்க வந்து ஒரு கை பிடி!"

மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் "அடப் பாவி!" என்று அலறினார். துணிக்கடைக்காரர் என் மொட்டைத்தலையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். கத்தியவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியின் விளிம்பைப் பிடித்தபடி, குற்றம் செய்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

நான் படியிலேயே நின்றேன். எதற்குப் பயந்து குச்சியைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தேனோ, அது வந்துவிட்டது. டீ போயிற்று, சூப் போயிற்று, காதோடு பேசிய குரலும் போயிற்று. பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார். சாகப் போகிறவளை யாராவது கண்ணாடி பிடிக்கக் கூப்பிடுவார்களா? அந்த ஒரு கத்தலில், தன்னை அறியாமலே, நான் பிழைத்துவிட்டேன் என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் திட்டினேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? கனம் தூக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு தலையால அடிச்சுக்கிச்சே, காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க? நோயாளியைக் கூப்பிட்டு வேலை வாங்குற முகரையைப் பாரு! சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தாச்சு!"

மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது. நிறுத்தாமல் கொட்டினேன். அவரோ கோபப்படவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் இளித்துக்கொண்டு நின்றார். துணிக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணி, கீழ வாங்க" என்றேன். "பின்னாடி பிடிங்க."

"நானா!"

"சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கும் கை காலெல்லாம் பிடிச்சுப் போயிருக்கும். பிடிங்க."

பெரிய கண்ணாடியைத் தெருவில் கொண்டு போகும்போது முன்னால் ஒருவர் நடந்து வழி காட்ட வேண்டும். பள்ளம் பார்க்க வேண்டும், வண்டிகளை நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு நான் போனேன். தெரு நடுவில் போய் நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன், முழுசாக. அக்குளில் சுண்டியது, சுண்டட்டும் என்று விட்டேன். ஒரு லாரி வந்து என் முன்னால் நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைத்தவர், என் தலையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். பின்னால் வீட்டுக்காரரும் அக்காவும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள்.

"சீக்கிரம் நடடி, கை விட்டுப்போகுது!" என்று அவர் கத்தினார்.

அந்த 'டி'யைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.